வேடியப்பனின் ஸ்பீக்கருக்கு எந்த வளையம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. ஸ்பீக்கரில் தடவிய ஒட்டுப் பசை காய்கிற வரைக்கும் கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால், ஸ்பீக்கரைத் தொட்டுத் தொட்டே கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

முதல் வரி இப்படித்தான் ஆரம்பித்தது:

கிரிவலப் பாதையில் பார்வையற்ற பாடகர் ஒருவர்

அங்கேயே நிறுத்திவிட்டேன். வேடியப்பன் மாமாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். என் நெற்றிப் பருவை எதிர்ச் சாரியிலிருந்தே பார்த்து, "இன்னா மெஹ்விஷு, புதுசா ஒண்ணு மொளச்சிக்கீது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தவர். நீங்கள் சீக்கிரம் இரக்கப்பட வேண்டும் என்பதற்காக அவர் கண்ணைப் பறிக்கப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

2

அவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாடுகிறவர். அந்த ஒரு ராத்திரிதான் அவருடைய மாதச் சம்பாத்தியம். பெட்டியிலிருக்கும் ஸ்பீக்கரின் சரவுண்டு உதிர்ந்துவிட்டது. சரவுண்டு என்பது நடுவிலிருக்கும் காகிதக் கூம்பான கோனைச் சுற்றி, அது முன்னும் பின்னும் அசைய இடம் கொடுக்கிற வளையம். சரியில்லாத வளையத்தை ஒட்டினால் உள்ளேயிருக்கும் கம்பிச் சுருள் உரசும். பிறகு கரகரப்புதான்.

இதையெல்லாம் பழுது பார்ப்பவன் என் அண்ணன் மொஹ்சின். அவன் கச்சேரிக்கு சவுண்டு செட் போட சென்னைக்குப் போயிருந்தான்.

"அவன் இல்லாம நீ செய்வியா?"

"எத்தினி தபா பக்கத்துலயே ஒக்காந்து பாத்திருக்கேன். குடுங்க மாமா."

"பவுர்ணமி வருது பாப்பா. கரகரன்னு வந்திச்சினா ஜனம் நிக்காது. நடையக் கட்டிடும்."

ஏன் 'குடுங்க' என்றேன்? இந்தக் கதாபாத்திரம் எனக்கே புரியவில்லை. கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்றால், அது நான்.

3

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தெருவிலிருந்து வருகிற எதுவும் துடைக்காமல் வாசல் தாண்டக் கூடாது. செருப்பு தப்பாது, சைக்கிள் தப்பாது; ஒருமுறை என் தோழி கவிநிலாவின் நாய்க்குட்டிகூடத் தப்பவில்லை.

"அந்தக் கறுப்பெல்லாம் இன்னாடி? தொடச்சிட்டு உள்ள எடுத்துட்டு வா," என்றாள் அம்மி, வாசலில் ஸ்பீக்கரைப் பார்த்து. (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

துடைத்தேன். பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டு, பழைய ஒட்டின் தடம்கூட இல்லாமல் துடைத்தேன். அம்மி தூரத்திலிருந்து பார்த்துத் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் உறைத்தது. போனது வெறும் அழுக்கில்லை. பழைய வளையம் ஃபோமா ரப்பரா, கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா அடியிலா என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே சாட்சி அதுதான்.

அண்ணனுக்கு போன் போட்டேன். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்றான். "கேக்குதுடா" என்றேன். அவன் கேட்டது என்னையில்லை, மைக்கை. கட் பண்ணிவிட்டான்.

(இந்த இடத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து என்னைக் காப்பாற்றினால் கதை சுலபமாக நகரும். யாரும் வரவில்லை.)

அண்ணனின் சாமான் பெட்டியில் அந்த அளவுக்கு இரண்டு வளையங்கள் இருந்தன. ஃபோம் வளையம் கோன் மேல் படியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ரப்பர் அழகாக உட்கார்ந்தது. ஜாஸ்தி நாள் உழைக்கும் என்று அண்ணன் வேறு சொல்வான். ரப்பர்தான் என்று முடிவு செய்து ஒட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஒட்டுவதற்கு முன் வெறுமனே வைத்து அமுக்கிப் பார்த்தேன். கோன் அசையவே கஷ்டப்பட்டது. டப்பாவை மூடினேன். மறுபடி திறந்தேன். மறுப…

மாமாவுக்கு போன் போட்டேன். வேறு வழியில்லை.

"மாமா, இதுக்கு ஜோடி இருக்கா?"

"ஜோடியாத்தான் வாங்கனேன். இன்னொண்ணு கீழ்பென்னாத்தூர்ல, எங்க ரேவதி வூட்ல கெடக்குது. ஏம்மா, போச்சா?"

"இல்ல மாமா, சும்மா கேட்டேன்."

சும்மா யாராவது அப்படிக் கேட்பார்களா?

4

மாமாவின் மகள் ரேவதி அக்கா வீடியோ காலில் வந்தார். முதலில் ஃபேன் தெரிந்தது, பிறகு ஒரு காது.

"இரு, ஸ்பீக்கர் மேல வேர்க்கடல மூட்டை இருக்குது. எங்க வூட்டுக்காரரு அத மேசையாக்கிட்டாரு."

"அக்கா, கோனைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். மெதுவா தொட்டுப் பாருங்க. மெதுவா!"

"மெத்துனு கீது. பாத்திரம் தேய்க்கற பஞ்சு மாதிரி."

ஃபோம்.

"கோன் வெளிம்பு தெரியுதா, இல்ல வளையம் அத மூடிக்கினு இருக்கா?"

"வெளிம்பு நல்லாத் தெரியுதே. வளையம் அதுக்கு அடில பூந்துக்கீது."

அடியில்! ஃபோமை எடுத்து வளைத்துக் கோனுக்குக் கீழே நுழைத்தேன். தூக்கிக்கொண்டு நின்ற பக்கம் தானாகப் படிந்தது. சுற்றிலும் ஒரே இடைவெளி. அமுக்கினால் இறங்குகிறது, விட்டால் ஏறுகிறது.

"இன்னாடி, அழுவுறியா?"

"இல்லக்கா, தின்னர் நெடி."

"ஒங்கம்மாவ ஒரு வாரம் எங்க வூட்டுக்கு அனுப்பு. இங்க தொடைக்க நெறைய கீது."

5

ஃபோமை அடியில் வைத்து ஒட்டிவிட்டேன். இப்போது கதைக்கு முடிவு. மூன்று எழுத நினைத்தேன்.

அ. பாட்டு தொடங்கியதும் உரசல் கேட்கிறது, ஜனம் நடையைக் கட்டுகிறது, மாமா என்னைத் திரும்பிப் பார்க்

இதை முடிக்க மனசு வரவில்லை.

ஆ. கூட்டம் கூடுகிறது. யாரோ மாமாவுக்கு மாலை போடுகிறார்கள். இது சுத்தப் பொய். மாலையோடு வருகிறவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள்.

இ. இன்னும் எழுதவில்லை. ஏனென்றால், இவ்வளவு எழுதுவதற்குள் ஒட்டு பிடித்துவிட்டது.

பேனாவை வைத்துவிட்டு இரண்டு கட்டைவிரல்களையும் கோனில் சமமாக வைத்தேன். காதைக் கிட்டே கொண்டுபோய் அமுக்கினேன். விட்டேன். மறுபடி. உரசல் இல்லை. என் மூச்சுதான் கேட்டது. தனியாகச் சிரித்துவிட்டேன், அம்மி புரண்டு படுத்தாள்.

பாட்டு போட்டுப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். இந்நேரத்தில் போட்டால் தெருவே எழுந்துவிடும். காலையில் மாமா வருவார், பெட்டியில் மாட்டுவார், தொண்டையைச் செருமுவார். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் அதற்காக விழித்திருங்கள்.

நான் தூங்கப் போகிறேன். எனக்குத் தூக்கம் வருகிறது.