பாத்திரத்தின் அடியில் மூன்று துண்டுகள்

மூன்றாவது தட்டும் சரியாக வரவில்லை. ரோனா கத்தி நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். தேன் நிறத்தில், கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு, கத்தியோடு நூலாக எழுந்து வந்தது.

டேப்லெட் என்கிற ஸ்காட்லாந்து மிட்டாய் அப்படி வரக் கூடாது. சர்க்கரையும் வெண்ணெயும் டின்பாலும் சேர்ந்து கொதித்து ஆறினால், கத்தி பட்டதும் டக்கென்று உடைய வேண்டும். வாயில் போட்டால் முதலில் நறநறத்து, அப்புறம் இருந்த இடம் தெரியாமல் கரைய வேண்டும். டண்டீயில் பல் முளைத்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை அவள் தங்கை எல்ஸ்பெத்துக்குக் கல்யாணம். விருந்து மேசையில் ஒவ்வொருவர் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பை, பைக்குள் இரண்டு துண்டு டேப்லெட். விருந்தாளிகள் தொண்ணூறு பேர். கடையில் சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா மிஸஸ் கெடிஸ் சொன்னபோது, "நான் செய்யறேன்" என்று வாக்குக் கொடுத்தவள் ரோனாதான்.

அவள் தொடங்கிப் பாதியில் விட்டவை வீடு முழுக்கக் கிடந்தன. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர். பன்னிரண்டாம் பாடத்தோடு நின்றுபோன நார்வே மொழி. எல்ஸ்பெத் அதையெல்லாம் சொல்லிக் காட்டவில்லை. மாறாக, பைகளில் கட்டுவதற்குத் தொண்ணூறு சீட்டுகள் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தாள். 'என் அக்கா ரோனா கையால் செய்தது' என்று அதில் இருந்தது. திட்டியிருந்தால்கூட ரோனா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

போன் அடித்தது. எல்ஸ்பெத்.

"நாளைக்கு சாயங்காலம் பை கட்டணும். ஆயிடுச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"ஆயிட்டே இருக்குன்னா?"

"அடுப்படியிலதான் நிக்கறேன்."

"ரோனா, முடியலன்னா இப்பவே சொல்லிடு. என் மாமியார் கடைக்காரன் நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடு."

"சரி. ஆனா சீட்டைத் திருப்பி அடிக்க முடியாது, பாத்துக்க."

மிஸஸ் கெடிஸ் போன வாரம் வந்தபோது அந்தக் கடையின் வெள்ளைப் பெட்டி ஒன்றைச் 'சும்மா ருசி பார்க்க' என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். அது இன்னும் அலமாரியின் மேல் இருந்தது. ரோனா அதன் ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை.

என்ன தப்பு என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. முதல் தடவை கொதி போதவில்லை. இரண்டாவது தடவை கொதி மிஞ்சிக் கல்லாகிப்போய், அதைக் கடித்த, அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் முதலாளிக்குப் பல் அடைப்பு கழன்று வந்தது. ஆனால் இந்த முறை எல்லாம் சரியாக இருந்ததே.

கீழ்வீட்டு பெட்ரியிடம் இரவல் வாங்கிய பித்தளைப் பாத்திரம் தொட்டியில் கிடந்தது. இரண்டு கிலோ சர்க்கரை பொங்கி எழுந்தாலும் வழியாத பெரிய பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கி வந்தபோது அடியில் மெழுகுத்தாளில் சுற்றி மூன்று துண்டு டேப்லெட் இருந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, டே ஆற்றின் மேல் மழை நகர்ந்து போவதைப் பார்த்தபடியே மூன்றையும் டீயோடு தின்று தீர்த்திருந்தாள். அந்தத் தாள் ஜன்னலோரம் கிடந்தது. அதன் மடிப்பில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை எடுத்து அதன் மேல் வைத்தாள். உள்ளே ஒரு கடற்கரை தெரிந்தது. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான மணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம். பிறகு தன் தட்டைப் பார்த்தாள். உறைந்த குளம் மாதிரி இருந்தது. மருந்துக்கும் ஒரு மணி இல்லை.

அதே சர்க்கரை, அதே வெண்ணெய், டின்னின் மேல் போட்டிருக்கிற அதே அளவு. அப்படியானால் பெட்ரியின் டேப்லெட்டில் முதல் மணி எங்கிருந்து வந்தது? ஒரு மணி வந்துவிட்டால் மற்றவை அதைப் பார்த்து வரிசையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் மணி யாரைப் பார்த்தது? கொஞ்ச நேரம் கல்யாணமே மறந்துவிட்டது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பெட்ரி பஸ் ஓட்டுகிறவன், நாற்பது வயதுக்காரன். கதவைத் திறந்துபோட்டு மறுநாளைக்கு ஷூ துடைத்துக்கொண்டிருந்தான்.

"மூஞ்சியிலயே எழுதியிருக்கு. பசையா, கல்லா?"

"கண்ணாடி."

"அடுப்பை அணைச்சப்புறம் அடிச்சியா?"

"கை கழண்டு விழற வரைக்கும்."

"பதம்?"

"பச்சத் தண்ணியில ஒரு சொட்டு விட்டேன். உருட்ட வந்துச்சு."

"சரியாத்தானே செஞ்சிருக்க. துண்டைச் சீவிப் போட்டல்ல?"

"எந்தத் துண்டு?"

பெட்ரி ஷூவைக் கீழே வைத்தான். "பாத்திரத்துக்குள்ள மூணு இருந்துச்சே."

"அதுவா? தின்னுட்டேன்."

"மூணையுமா?"

"நல்லா இருந்துச்சு."

"ஏன் இருக்காது? இந்த மாடிப்படியில இருக்கற நாலு வீட்டுக்கும் விதை அது."

அந்தப் பாத்திரம் வீடு விட்டு வீடு போகும், வெறும் பாத்திரமாகப் போகாது. செய்தவர் மூன்று துண்டு வைத்து அனுப்புவார். அடுத்து செய்கிறவர் அடுப்பை அணைத்துக் கொதி அடங்கியதும் அதைச் சீவிப் போட்டு அடிப்பார். பாலுக்கு உறைமோர் போல.

"சொல்லியிருக்கலாமே," என்றாள் ரோனா.

"இதப் போய் யாரு சொல்லுவா? நீ இங்க வந்து ஆறு வருஷமாச்சு."

"ஆறு வருஷத்துல இப்பதானே பாத்திரம் கேட்டேன்."

"கேக்காதது என் தப்பா?"

"இன்னொரு துண்டு இருக்கா?"

"இருந்த கடைசி மூணும் உன் வயித்துல. மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் சர்க்கரையே தொடறதில்ல இப்ப." அவன் யோசித்தான். "கடைத் துண்டா இருந்தாலும் போதும். யார் வீட்டுதுன்னு சர்க்கரைக்குத் தெரியவா போகுது? ஆனா மணி ஆறு, கடை சாத்தியிருப்பான்."

ரோனா கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள்.

"எங்கிட்ட ஒரு பெட்டி இருக்கு," என்றாள். "சம்பந்தி அம்மா குடுத்தது. தொடறதில்லன்னு வெச்சிருந்தேன்."

"கல்யாணம் சனிக்கிழமை. உன் ரோஷம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதா? வா, நானும் கை குடுக்கறேன்."

கடைசி இரண்டு கிலோ சர்க்கரை பாத்திரத்தில் விழுந்தது. வெண்ணெய் உருகி ஓடியது. டின்பால் கலந்ததும் எல்லாம் வெளுத்து, பிறகு மெல்ல மெல்ல மணல் நிறத்துக்கும், அதிலிருந்து தேன் நிறத்துக்கும் போனது. குமிழிகள் வாய் திறந்து மூடின. ஜன்னல் முழுக்க ஆவி படிந்தது. குளிர்ந்த தண்ணீரில் விட்ட சொட்டு விரலுக்கு இடையில் உருண்டதும் அடுப்பை அணைத்தார்கள்.

கொதி அடங்கும் வரை காத்திருந்து, ரோனா வெள்ளைப் பெட்டியின் ரிப்பனை வெட்டினாள். ஒரு துண்டை எடுத்துச் சீவினாள். ஆனால் அதைப் போடுவதற்கு முன்பு பாகில் ஒரு கோப்பை மொண்டு தனியே வைத்தாள்.

"அது எதுக்கு?"

"விதை போடாதது. என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"தொண்ணூறு பேருக்குப் பத்துமான்னு தெரியல, இதுல உனக்கு ஆராய்ச்சி."

"ஒரு கோப்பைதான்."

"பொண்ணே, உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்."

"அதுக்குத்தான் யாரையும் கட்டிக்கல."

அவள் அடித்தாள், அவன் அடித்தான், மறுபடி அவள். தோள்பட்டை எரிந்தது. திடீரென்று கரண்டியின் சத்தம் மாறியது. அதுவரை சளக் சளக் என்றிருந்தது, இப்போது ஈர மணலில் நடப்பது போல் கேட்டது. பளபளப்பு மங்கியது. பாத்திரத்தின் ஓரத்தில் வெளிறிய வளையம் ஒன்று படிந்தது.

"ஊத்து, ஊத்து. நின்னு ரசிக்காத," என்றான் பெட்ரி.

தட்டுகளில் ஊற்றினாள். பிறகு அதே கரண்டியால் கோப்பையையும் அதே அளவு நேரம் அடித்தாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

காலையில் கத்தியை வைத்து அழுத்தினாள். டக். இன்னொரு முறை. டக். நூற்று எண்பது துண்டு வேண்டும். நூற்று எண்பத்திரண்டு தேறியது. பாத்திரத்தில் வைக்க ஒன்று குறைந்தது. கோப்பைக்குப் போன பங்கு அது. கோப்பையிலோ இன்னும் கண்ணாடிதான்.

சனிக்கிழமை விருந்தில் எல்ஸ்பெத் தன் பையைப் பிரித்து ஒரு துண்டைக் கடித்தாள். சீட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மிஸஸ் கெடிஸ் நிதானமாக மென்றார்.

"அந்தக் கடை டேப்லெட் மாதிரியே இருக்கேம்மா."

ரோனாவுக்குக் காது சூடேறியது. தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். "அதுல ஒரு துண்டு உங்க பெட்டியிலேருந்துதான். அதச் சீவிப் போட்டதாலதான் இது இறுகிச்சு," என்றாள்.

மிஸஸ் கெடிஸ் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படின்னா முதல்ல துண்டு இல்லாமலா செஞ்சே?"

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாமயா பெட்டி குடுத்தேன்? அஞ்சு நாளா நீ ரிப்பனையே பிரிக்கலன்னு உன் தங்கச்சி சொன்னா." இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். "அந்தக் கடைய விட இது தேவல."

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரத்தைத் துலக்கி, மெழுகுத்தாளில் தன் இரண்டு துண்டையும் வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒன்றையும் சுற்றி அடியில் வைத்தாள். கிளம்பும்போது ஜன்னலோரம் இருந்த கோப்பை கண்ணில் பட்டது. பளபளப்பின் ஓரத்தில், கரண்டி உரசிய இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பூதக்கண்ணாடியை எடுத்தாள். புள்ளியைச் சுற்றி, ஜன்னலில் பனி படர்வது போல, மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கரண்டி விதை போட்ட பாகிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"ரோனா, பாத்திரம் வருமா வராதா?" கீழேயிருந்து பெட்ரியின் குரல் கேட்டது.

"இந்தா வரேன்," என்றாள் அவள். பாத்திரத்தை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள்.