வெறுங்கையோடு போகக் கூடாது

கிள்ளான்காரர்கள் ஒரு நல்ல காரியம் கேட்டுப் போனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். அமுதவள்ளிக்கு வரவேண்டிய பதவி வராமல் போனது அதனால்தான். சொன்னால் நம்ப ஆள் கிடைக்காது. சிரிக்கத்தான் கிடைக்கும்.

மலேசியத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸின் பூக்கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் தலைக்கு மேல் எழும்பி நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் அந்த வர்த்தக சபை இருந்தது. வட ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டினுடையது. இங்கே தொழில் செய்யும் அந்த நாட்டுக் கம்பெனிகளையும் உள்ளூர்க்காரர்களையும் சேர்த்துவைப்பது, வருஷத்துக்கு ஒரு முறை தூதரை அழைத்து விருந்து வைப்பது, இதுதான் அதன் வேலை. எல்லாரும் அதை சேம்பர் என்பார்கள்.

அமுதா அங்கே உறுப்பினர்களைப் பார்த்துக்கொள்ளும் மேலாளராகச் சேர்ந்தபோது சேம்பர் இழுத்துக்கொண்டிருந்தது. கோவிட்டுக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சந்தாவை நிறுத்திவிட்டன. ஒயின் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்த ஆளுக்கே மறுபடியும் கார்டு கொடுக்கும் கூட்டத்துக்கு எதற்குப் பணம் கட்டவேண்டும்? நியாயமான கேள்வி. அமுதா வேறொரு கேள்வி கேட்டாள். இந்தக் கம்பெனிகளின் சரக்கு யாருடைய லோரியில் போகிறது? யாருடைய குளிர்கிடங்கில் கிடக்கிறது? யார் பெட்டி செய்து கொடுக்கிறார்கள்? அவளுக்குப் பதில் தெரியும். அவள் அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

கிள்ளானுக்குப் போனாள். தெங்கு கிளானா சாலைப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியைப் பிடித்து, மாதம் ஒரு காலை, சேம்பரின் தோசைக் கூட்டம் என்று ஆரம்பித்தாள். ஒரு மேசைக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஆள், சுற்றிலும் உள்ளூர் முதலாளிகள். விருந்துக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பேசாத பேச்சை, சாம்பார் விரலோடு ஒரு தோசை முடிவதற்குள் பேசி முடித்தார்கள். போன பெரிய கம்பெனிகள் திரும்பி வந்தன. கிள்ளான் முதலாளிகள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஆண்டறிக்கையின் அட்டையில், வேட்டி கட்டிய ஒருவர் வெள்ளைக்காரருடன் கைகுலுக்கும் படம் வந்தது.

பழைய இயக்குநர் ஊருக்குக் கிளம்பிப்போனதும் அமுதாவையே தற்காலிக இயக்குநராக உட்காரவைத்தார்கள். நாற்காலி மாறியது, சம்பளம் மாறவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள். நிரந்தரமாக ஆள் எடுக்கப்போவதாக விளம்பரம் வந்தபோது, சேம்பரின் தலைவர் ஆண்டர்ஸ் அவள் மேசைக்கே வந்து, "நீ விண்ணப்பம் போடு. மற்றதெல்லாம் சம்பிரதாயம்" என்றார்.

சம்பிரதாயம். அந்த வார்த்தையை அவள் அப்புறம் பல நாள் நினைத்துக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வு முடிந்து, மேற்குழு கூடி முடிவு சொல்வதற்கு முந்தின வாரம், தோசைக் கூட்டம் கலைந்த பிறகு சிவநேசன் அவளைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு லோரியில் ஆரம்பித்து இன்றைக்குக் குளிர்லோரிகளாக நிறுத்தி வைத்திருப்பவர். கிள்ளான் உறுப்பினர்களுக்கு அவர்தான் வாய். அவர் பக்கத்தில், காப்பார் ஊரில் மசாலா ஆலை வைத்திருக்கும் சந்திரகலா தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நாற்காலி உனக்குத்தானே?"

"இன்டர்வியூ முடிஞ்சிருச்சுண்ணே. அடுத்த வாரம் போர்டு முடிவு பண்ணும்."

"போர்டுல யாரு யாரு?"

"ஆண்டர்ஸ், டத்தோ நாகப்பன், அப்புறம் அஞ்சு வெள்ளைக்காரங்க."

"நாகப்பன் டத்தோ இருக்காரா? அப்புறம் என்ன லா, நம்ம ஆளு."

"அது அவருக்குத் தெரியுமாண்ணே?"

சந்திரகலா சிரித்தாள். "இந்த வாய்க்குத்தான் உனக்கு மாப்பிள்ளை அமையல."

"மாப்பிள்ளை வந்தா வாய் போயிரும்க்கா. வாய் இருக்கட்டும்."

சிவநேசன் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை நாங்க போய்ச் சொல்ல வேணாமா? பொண்ணு கேக்கவே நாலு பேரு போறோம். இவ்வளவு பெரிய விஷயம், யாரும் கேக்க ஆள் இல்லாத பிள்ளை மாதிரி நீ தனியா நிக்கிறது நல்லாவா இருக்கு?"

"போங்கண்ணே. மேளத்தோட போங்க," என்று சொல்லிவிட்டு அமுதா பையை எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலுக்கு ஓடினாள்.

அவள் சுபாங் ஜெயாவில் ஒரு புது உறுப்பினரின் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் அவர்கள் போய்விட்டார்கள். நல்லவேளை, மேளம் இல்லை. சிவநேசன் ஜிப்பா போட்டிருந்தார். சந்திரகலா பட்டுப்புடவை. கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், சந்திரகலாவே சுட்ட அதிரசம், ஒரு பொன்னாடை. வெற்றிலைக்கு மேல் மடித்து வைத்த ஒரு வெள்ளி நோட்டு, அதாவது ஒரு ரிங்கிட். தட்சணை இல்லாமல் வெற்றிலையை நீட்டக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆண்டர்ஸுக்குப் பொன்னாடை போர்த்தி, தட்டைக் கையில் கொடுத்து, "அமுதா எங்க பிள்ளை, பார்த்துச் செய்யுங்க" என்று சிவநேசன் தன் இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இறங்கி வந்து பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, காரியம் முடிந்த நிம்மதியோடு ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

அமுதா அலுவலகம் திரும்பியபோது கூட்ட அறையெங்கும் அதிரசத்தின் நெய்வாசனை. தட்டை மேசையின் நட்டநடுவில் வைத்திருந்தார்கள். யாரும் அதிரசத்தைத் தொட்டிருக்கவில்லை.

ஆண்டர்ஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

"இவர்களை நீ அனுப்பினாயா?"

"இல்லை. இது எங்கள் ஊர் வழக்கம். ஒரு பெரிய காரியத்துக்கு நாலு பேர் தட்டோடு போய்க் கேட்பார்கள். மரியாதை. வேறொன்றும் இல்லை."

"பணம் இருந்தது அமுதா."

"ஒரு ரிங்கிட்."

"தொகை முக்கியமில்லை. விண்ணப்பித்தவருக்காக யாரும் மேற்குழுவை அணுகக் கூடாது, பரிசு தரக் கூடாது. அந்த விதியை உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை."

சொல்லித் தரவேண்டியதில்லைதான். சேம்பரின் நடத்தை விதிகளை எழுதியவளே அவள்தான். அந்த வரியை எழுதியபோது அவள் மனத்தில் இருந்தது கோல்ஃப் மைதானத்தில் காதோடு காதாகப் பேசிக்கொள்கிறவர்கள். அதிரசம் சுடுகிறவர்கள் இல்லை.

"நான் உன்னை நம்புகிறேன்," என்றார் ஆண்டர்ஸ். "தட்டு வந்தபோது டத்தோவும் இங்கேதான் இருந்தார். இது என்ன வழக்கம் என்று அவரிடமே கேட்டேன். தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். அவரே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்களிடம் நான் எதைச் சொல்வது?"

நாகப்பனுக்கு வெற்றிலை பாக்கு தெரியாதாம். வட்டிக்கடை வைக்க வந்த செட்டியார் குடும்பம், அரசாங்கம் கொடுத்த டத்தோ பட்டம். அவர் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் அவரே தாம்பூலப் பை கொடுத்தார். அமுதாவும் ஒன்று வாங்கியிருக்கிறாள்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தாள். டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

"டத்தோ, வெத்தலைத் தட்டுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் டிரைவரைத் தள்ளிப்போகச் சொன்னார். "தெரியும்."

"அப்புறம் ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?"

"தெரியும்னு சொன்னா என்ன ஆகும்? தமிழன் தமிழச்சிக்குப் பேசுறான்னு மத்த ஆறு பேரும் நினைப்பாங்க. எத்தனையோ வருஷமா அந்த மேசையில உக்காந்திருக்கேன் அமுதா. ஒரு நாளும் தமிழனா உக்காந்ததில்ல. அதனாலதான் இன்னும் உக்காந்திருக்கேன்."

"ஆண்டறிக்கை அட்டையில வேட்டி படம் போடச் சொன்னது நீங்கதானே. அன்னிக்கு யாரா உக்காந்திருந்தீங்க?"

"உனக்கு அறிவு இருக்கு. அதைவிடக் கோபம் ஜாஸ்தியா இருக்கு." அவர் காரில் ஏறிக்கொண்டார். "உங்க ஆளுங்ககிட்டச் சொல்லி வை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறை இருக்கு."

உங்க ஆளுங்க. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவ வந்தவர்களின் பிள்ளைகள் என்று வாய்விட்டுச் சொல்லாத குறை. கார் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தட்டை விதிமீறல் என்று பதிவு செய்துவிட்டு, மேற்குழு மத்தியாஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. மலேசியாவை விமான நிலையத்தில் மட்டும் பார்த்திருந்த மனிதர். "உன் அனுபவம் எங்களுக்கு வேண்டும்" என்று அமுதாவைத் துணை இயக்குநராக இருக்கச் சொன்னார்கள். அடுத்த தோசைக் கூட்டத்தில் மத்தியாஸைக் கிள்ளான் உறுப்பினர்களுக்கு அவள்தான் அறிமுகப்படுத்த வேண்டும். காரணத்தை வெளியே சொல்லக் கூடாது, அது மேற்குழுவின் ரகசியம். தட்டையும் பொன்னாடையையும், நோட்டு உட்பட, ஆள் வைத்துக் கிள்ளானுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிரசம் மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

சிவநேசனுக்கு போன் போட்டு, "வேற ஆளை எடுத்துட்டாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"தப்பு எங்க மேலதாம்மா," என்றார் அவர். "கொஞ்சம் முந்தியே போயிருக்கணும். லேட்டாப் போயிட்டோம்."

அமுதா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிடலாம். சொன்னால் சந்திரகலா ஒரு வாரம் சாப்பிட மாட்டாள். "பரவால்லண்ணே," என்றாள். தட்டு ஏன் திரும்பி வந்தது என்று கேட்டதற்கு, கம்பெனி ரூல் என்றாள்.

தோசைக் கூட்டத்துக்கு அன்று ஏகப்பட்ட கூட்டம். புது இயக்குநரைப் பார்க்கவேண்டும் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். ஆண்டர்ஸ் வந்திருந்தார். கிள்ளானுக்கு வந்தே இராத நாகப்பனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அமுதா மைக்கில் நாலு வார்த்தை பேசி மத்தியாஸை மேலே அழைத்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் பின்னாலிருந்து சந்திரகலா எழுந்து வந்தாள். பட்டுப்புடவை. கையில் அதே தட்டு. அதே பொன்னாடை.

சிவநேசன் அமுதாவின் பக்கமாகக் குனிந்தார். "கோவிச்சுக்காதம்மா. உனக்குச் செய்யாததை இவனுக்குச் செய்யிறோம்னு நினைக்காதே. இனிமே இவன் கையெழுத்துதானே. லோரிக்கெல்லாம் லோன் ஓடுது, ஆர்டர் வரணும்."

"கோவமில்லண்ணே. செய்யுங்க."

மத்தியாஸின் தோளில் பொன்னாடை ஏறியது. மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி பூரித்துப் போனார். என்ன அழகான வழக்கம், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அமுதா மைக்கை நாகப்பனிடம் நீட்டினாள்.

"டத்தோ சொல்லுவார். அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

நாகப்பன் அவளை ஒரு நொடி பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து மைக்கை வாங்கி, அருமையான இங்கிலீஷில் ஆரம்பித்தார். இது எங்கள் பண்பாடு, ஆயிரம் ஆண்டுப் பழக்கம், ஒருவரை நம்மவராக ஏற்றுக்கொள்வதன் அடையாளம். வெற்றிலை மங்கலம், தேங்காய் தூய்மை. நன்றாகத்தான் பேசினார்.

"அந்த நோட்டு?" என்றாள் அமுதா. "அதையும் சொல்லிருங்க டத்தோ."

அவர் தொண்டையைச் செருமினார். "அது வெறும் அடையாளம். பணமாகப் பார்க்கக் கூடாது."

மத்தியாஸ் சிரித்துக்கொண்டே அந்த ஒரு வெள்ளி நோட்டை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாடி முழுக்கக் கைதட்டியது.

அமுதா ஆண்டர்ஸ் பக்கம் திரும்பினாள். மைக் இல்லை, ஆனாலும் முன்வரிசை முழுக்கக் கேட்கிற குரல். "இதை விதிமீறல் என்று நான் பதிவு செய்யட்டுமா, ஆண்டர்ஸ்? போன முறை செய்த மாதிரி?"

ஆண்டர்ஸ் தன் இலையில் இருந்த தோசையைப் பார்த்தார். நாகப்பன் போனை எடுத்துப் பார்த்தார். சிவநேசனுக்கு இங்கிலீஷ் புரியும். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்த தட்டு. கம்பெனி ரூல். பரவால்லண்ணே.

"அமுதா," என்றார் மெதுவாக. "அன்னிக்கு நாங்க போனதுனாலயா?"

"ஆமாண்ணே."

அவர் வாயைத் திறந்தார். அவருடைய மேசையில், அவர் மாதக்கணக்காகத் துரத்திக்கொண்டிருந்த ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் காலி நாற்காலியைக் காட்டி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவநேசன் அந்தப் பக்கம் பார்த்தார், அமுதாவைப் பார்த்தார்.

"அப்புறம் பேசுவோம்மா," என்றார்.

சந்திரகலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து, "என்ன கேட்டா இவ? ஏன் எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டாங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்று சொல்லிக்கொண்டே சிவநேசன் தன் மேசைக்கு நடந்தார்.

சந்திரகலா அமுதாவைப் பார்த்தாள். "நீ சாப்பிட்டியா?"

அமுதா கழுத்தில் தொங்கிய சேம்பர் அடையாள அட்டையைக் கழற்றி, சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த மத்தியாஸின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் ஏதோ பரிசு என்று நினைத்துக் கும்பிட்டார்.

"இல்லக்கா," என்றாள். "பசிக்குது. வேற கடைக்குப் போறேன்."