காலி அறையிலிருந்து மணி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நான் நர்ஸ். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை இது. அப்படிப்பட்ட நானே, அன்று காலை கடைசி அறையின் மணி அடித்தபோது மருந்துத் தட்டைக் கீழே போட்டேன். அந்த அறையில் ஆளே கிடையாது. ஐம்பது நாள் கிட்டப் பூட்டியே கிடந்தது.

எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒயரில் ஒரு பொத்தான் தொங்கும். நோயாளி அமுக்கினால் எங்கள் மேஜையில் மணி அடிக்கும், அறை எண் எரியும். மேஜையில் உட்கார்ந்தபடி அதை நிறுத்த முடியாது. எழுந்து அறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் நிற்கும். எங்களை நம்பாத எவனோ செய்த ஏற்பாடு என்று திட்டிக்கொண்டே நடப்போம்.

அந்த அறையில் கடைசியாக இருந்தவர் தையற்காரம்மா. சொந்தக் கடை வைத்திருந்தவர். வந்த அன்றே என் யூனிஃபார்மை மேலும் கீழும் பார்த்து, "யாரும்மா இதைத் தைச்சது, கோணி தைக்கிறவனா?" என்று கேட்டார். அதிலேயே நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

"மணி அடிச்சா வருவியா, இல்ல அங்க உக்காந்து அரட்டை அடிப்பியா?" என்பார்.

"நீங்க அமுக்குங்கம்மா, பறந்து வரேன்" என்பேன்.

ஒரு மாலை, விளக்குப் போடும் நேரத்துக்கு மருந்தோடு போனேன். தையற்காரம்மாவின் உடம்பு சில்லிட்டிருந்தது. பொத்தான் கையில் இருந்தது, கட்டைவிரல் அதன்மேலேயே இருந்தது.

"அம்மா கூப்பிட்டிருக்காங்க. யாருமே வரல" என்றார் அவருடைய மகள். மணி அடிக்கவே இல்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் வந்தார். பொத்தானை அமுக்கி மீட்டரைப் பார்த்தார், முள் ஆடியது. பொத்தானும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேஜையில் மணி அடித்ததா என்று அவர் வந்து கேட்கவில்லை, எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மாலை பக்கத்து அறைகளின் மணியெல்லாம் ஒழுங்காக அடித்திருந்தது வேறு. ஆகவே மணி அடித்தது, நான் தூங்கிவிட்டேன் என்று முடிவானது.

அறையைப் பூட்டி விசாரணை வைத்தார்கள். என்னை மணி மேஜையிலிருந்து எடுத்து மருந்து வண்டி தள்ள விட்டார்கள். காலி அறை மணி அடித்த வாரம்தான் முடிவு வர வேண்டியிருந்தது. என் வேலைக்கு எல்லாரும் முன்கூட்டியே துக்கம் விசாரித்து முடித்திருந்தார்கள்.

வேலையைவிட வேறொன்றுதான் என்னை அரித்தது. "ஒரு நிமிஷம் கண்ணசந்திருப்பே, நீயும் மனுஷிதானே" என்றார் என் வீட்டுக்காரர். ஆறுதல் சொல்கிறாராம்! நாள் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூங்கினேனோ? தூங்கினவளுக்குத் தான் தூங்கியது தெரியுமா? வீட்டில் யார் காலிங் பெல் அடித்தாலும் தூக்கிவாரிப் போட்டது. குளிக்கும்போது, அடுப்பு முன்னால் நிற்கும்போது, அடிக்காத மணியெல்லாம் கேட்டது.

இப்போது நிஜமாகவே அடித்தது. பெரிய சிஸ்டர் சாவியைக் கொடுத்து, "போய்ப் பாரு" என்றார். வேறு யாரும் போவதாக இல்லை. கதவைத் திறந்தேன். அடைத்த காற்று. விரிப்பில்லாத கட்டில். பொத்தான் கட்டில் கம்பியில் சுற்றி வைத்தபடியே இருந்தது. பச்சையை அமுக்கினேன், மணி நின்றது. மேஜைக்குத் திரும்பி வருவதற்குள் மறுபடியும் அடித்தது.

"உன்னைத்தான் கூப்பிடுறாங்க" என்று ஆயா காதோடு சொன்னாள். பட்டப்பகலில், டாக்டர்கள் நடமாடும் வராந்தாவில், என் முதுகு வேர்த்தது.

இந்த மணிகளை அடிக்க வைக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் கொழுந்தன். ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் வீட்டில் அவன் கொக்கு. அந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. மணிகளை அதோடு இணைக்கும் கார்டைச் செய்த கம்பெனியே மூடியாகிவிட்டது. கார்டு பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் வேலை செய்யும். நிர்வாகத்துக்கோ மணி டாக்டர்களின் செல்போனிலும் அடிக்க வேண்டும். அதற்கான சாஃப்ட்வேர் லைப்ரரி, அதாவது ரெடிமேடாக வாங்கிய புரோகிராம், புதுசு; பழைய சிஸ்டத்தில் ஓடாது. கொக்குதான் ஓட வைத்தான்.

"புதுசு அது இருக்கா, இது இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கும் அண்ணி. பழசுகிட்ட பாதி இருக்காது. நடுவுல நான் உக்காந்து, இருக்கிற மாதிரியே பதில் சொல்லி ஒப்பேத்தணும்" என்று எங்கள் வீட்டில் சாப்பிட்டபடி பெருமையடித்தான்.

"எனக்கும் உங்கம்மாவுக்கும் நடுவுல நீ பாக்கிற வேலைதானே அது" என்றேன். அன்று எல்லாரும் சிரித்தோம்.

கூப்பிட்டதும் ஓடி வந்தான். மணி அடித்தபடி இருந்தது. மேஜையைச் சுற்றிக் கூட்டம், எலக்ட்ரீஷியனும் நின்றார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா, நின்னுடும்" என்றார் பெரிய சிஸ்டர்.

"நின்னுடும் சிஸ்டர்" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டியவன், "ஒரு நிமிஷம், என்னன்னு பாத்துடறேன்" என்று உட்கார்ந்தான். ஏதோ தட்டினான். கழுத்து திரைக்குள் நீண்டது. நீண்டபடியே இருந்தது.

"அண்ணி, அந்தம்மா இறந்தது என்னிக்கு?"

சொன்னேன். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"இது இப்ப அமுக்கினது இல்ல. அன்னிக்கு அமுக்கினது. இப்பதான் அடிக்குது."

திரையை எங்கள் பக்கம் திருப்பினான். அவனே சொன்னான். "ஆன் ஆகி எவ்வளவு நேரமாச்சுன்னு புது லைப்ரரி சிஸ்டத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். பழசால ஐம்பது நாள் கிட்டதான் எண்ண முடியும், அப்புறம் மறுபடி பூஜ்யத்திலேருந்து எண்ணும். நான் அதை அப்படியே எடுத்துக் குடுத்துட்டேன். அவங்க முதல் தடவை அமுக்கினது, அது பூஜ்யமாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. இன்னும் அரை விநாடியில அடிக்கணும்னு இருந்துச்சு. அதுக்குள்ள எண்ணிக்கை முதல்லேருந்து ஆரம்பிச்சு, அந்த எண்ணுக்கு மறுபடி வர இத்தனை நாளாச்சு. அந்த அரை விநாடி இன்னிக்குத்தான் வந்திருக்கு."

"அதுக்கப்புறம் அமுக்கினதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது. அறைக்கு ஒரு வரிசை, அதான் மத்த மணியெல்லாம் அடிச்சுது. நீங்க பச்சையை அமுக்க அமுக்க அடுத்தது வரும்." பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினான். "ஆஃப் பண்ணியிருந்தா எல்லாம் அழிஞ்சிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தப்பு என்னோடது சிஸ்டர். அண்ணி தூங்கல."

பெரிய சிஸ்டர் என் தோளைப் பிடித்தார். "விசாரணையை நான் பேசிக்கறேன்" என்றார்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ வேறு ஒன்று. அந்த மாலை முழுசாக நினைவுக்கு வந்தது. நான் தூங்கவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கூட இருந்த நர்ஸ் தன் மாமனாரின் குறட்டையைச் செய்து காட்டினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அதே நேரம் வராந்தாவின் கோடியில் தையற்காரம்மா அமுக்கிக்கொண்டிருந்தார். தூங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"மிச்சத்தை அழிச்சிடவா அண்ணி?" என்றான் கொக்கு.

"தொடாதே. என்னைத்தானே கூப்பிட்டாங்க. நான் போறேன்."

போனேன். "வந்துட்டேன்மா" என்று காலிக் கட்டிலிடம் சொல்லிப் பச்சையை அமுக்கினேன். திரும்பினேன், அடித்தது. மறுபடி போனேன். அங்கேயே நின்றிருக்கலாம், ஆனால் மணி மேஜையில்தான் கேட்கும். கேட்டுத்தான் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு தடவையும் "வந்துட்டேன்மா" என்றேன். இத்தனை தடவையா அமுக்கினார்? வராந்தாவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். அழுது முடித்து முழங்கால் வலிக்கத் தொடங்கியது. கால் வலித்தால் என் வாய் சும்மா இருக்காது, அது பழக்கம். அடுத்த தடவை கதவைத் தள்ளிக்கொண்டே, "வரேன்லம்மா! பறந்தா வர முடியும்?" என்று எரிந்து விழுந்து, கட்டிலைப் பார்க்காமல் பச்சையைத் தட்டிவிட்டு வந்தேன்.

மேஜைக்கு வந்தேன். மணி அடித்தது. நான் திரும்பி நடக்க, கொக்கு என் கையைப் பிடித்தான்.

"இதுக்குப் போக வேண்டாம் அண்ணி. இது மறுநாள் காலையில அமுக்கினது."

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நான் எரிந்து விழுந்தது அந்தம்மாவின் கடைசி மணிக்கு. எலக்ட்ரீஷியன் அன்று அமுக்கிய மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது போய்த்தான் நிறுத்த வேண்டும். எனக்குக் கால் வரவில்லை.