ஏழாவது மாடியின் முறைப்பட்டியல்

கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு போராம் மறுபடியும் அந்தக் குச்சியைப் பார்த்தாள். இரண்டு கோடுகள். நேற்று வாங்கியதிலும் இரண்டு, இன்று காலை வாங்கியதிலும் இரண்டு. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து வந்த சேதி. வேறொருத்தியாக இருந்தால் இந்நேரம் புருஷனுக்குப் போன் போட்டு அழுதிருப்பாள். இவளோ விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். நவம்பரில் பிரசவம். இந்த வருஷம் அவளுடைய முறை கிடையாது.

மாசான் துறைமுகத்தைப் பார்த்த அந்த ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடியில் பிள்ளை பெற முறை உண்டு. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே உண்டு. பன்னிரண்டு நர்சுகள்; வருஷத்துக்கு இரண்டு பேர். பட்டியல் உடை மாற்றும் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். இதை எந்த முதலாளியும் எழுதவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே சமயத்தில் நாலு பேர் பிரசவ விடுப்பில் போனார்கள். மாற்று ஆள் கேட்டபோது நிர்வாகம் கையை விரித்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் இரட்டை ஷிப்ட் பார்த்தே துவண்டார்கள். ஒருத்தி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே மயங்கி விழுந்தாள். அதன் பிறகுதான் தலைமை நர்ஸ் ஓக்ஜூ உட்கார்ந்து பட்டியல் எழுதினாள். பெண்ணுக்குப் பெண் துணையாக இருக்க வேண்டும், சீனியர் ஜூனியர் என்றில்லாமல் எல்லாருக்கும் ஒரே நியாயம் என்பது அவள் பேச்சு. நல்ல மனசோடுதான் செய்தாள். ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லாரும் கூடி, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே, யார் எப்போது கர்ப்பமாகலாம் என்று முடிவு செய்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஹாயொங் என்ற பெண் முறை தவறினாள். அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தால் மேசை காலியாகும், அவ்வளவுதான். ஐந்தாம் மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனாள். முதல் நாள் அந்த மேசையிலிருந்து முதலில் எழுந்தவள் போராம். அன்றைக்கு அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

இந்த வருஷத்து முதல் இடத்துக்காரி ஏற்கெனவே விடுப்பில் இருந்தாள். மிச்சம் ஒரே இடம். அது நாம்ஹி அக்காவுடையது. நாம்ஹிக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. ஜனவரியிலிருந்து வாரம் ஒருமுறை பூசானுக்குப் போய், பிள்ளை உண்டாக வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். அவள் இடத்தில் போராம் போய் உட்கார்ந்தால், இன்னொரு சுற்று வரும்வரை நாம்ஹியால் காத்திருக்க முடியுமா என்ன?

மதியம் கீழ்மாடித் துணி அறையில் நாம்ஹி தனியாக விரிப்புகள் மடித்துக்கொண்டிருந்தாள். போராம் எதிரே நின்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போச்சு. ஏழு வாரம்."

நாம்ஹி விரிப்பை இரண்டாக, நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"என்ன பண்ணப் போறே?"

"உங்க முறை அக்கா இது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"சொன்னா? என்னடி பண்ணுவே?"

சொன்னால் கலைத்துவிடுவேன் என்று சொல்லத்தான் படியிறங்கி வந்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி கடைவாய்ப் பல் பிடுங்கணும்னு மூணு நாள் லீவு போட்டேனே, ஞாபகமிருக்கா?" என்று கேட்டாள் நாம்ஹி.

ஞாபகமிருந்தது. பல் பிடுங்கியவளால் மெல்ல முடியாதே என்று போராம்தான் பூசணிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். முகம் வெளிறிப் படுத்திருந்த நாம்ஹி எழுந்து உட்கார்ந்து, அத்தனையையும் குடித்து, நன்றி சொல்லிக் கிண்ணத்தையும் கழுவிக் கொடுத்தாள்.

நாம்ஹி அருகில் வந்து வாயை அகலத் திறந்து காட்டினாள். மேலும் கீழும் கடைசிவரை வரிசை குறையாத பற்கள்.

"எண்ணிப் பார்த்துக்கோ. முப்பத்திரண்டும் இருக்கு. அப்ப எனக்கு ஒன்பது வாரம். அந்த வருஷம் உன் முறை."

போராம் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வருஷம் முறை வேண்டுமென்று ஜனவரிக் கூட்டத்தில் அழுது சாதித்தவள் அவள். மார்ச்சிலேயே புருஷனுக்கு கொஜே கப்பல்கட்டும் தளத்துக்கு மாற்றலாகிவிட்டது. பிள்ளைப் பேச்சையே தள்ளி வைத்தார்கள். முறையைத் திருப்பித் தர வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதுதான். கொடுத்தால் மறுபடி எப்போது வருமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வருஷம் முழுக்கச் சும்மா கிடந்தது. அடிப்பாவி, சும்மா கிடந்ததே!

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே அக்கா."

"உன்கிட்டயா?" நாம்ஹியின் குரலில் கோபமே இல்லை. "ஹாயொங் தட்டைப் பார்த்ததும் முதல்ல எழுந்தவ நீ. நான் ரெண்டாவதா எழுந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து கேப்பேன்?"

மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும். போகிறவர்களும் வருகிறவர்களுமாக ஒன்பது பேர் நர்சுகள் அறையில் நின்றார்கள். ஓக்ஜூ நோயாளிகளின் விவரங்களை வாசித்து முடித்தாள். கலையப் போன நேரத்தில் நாம்ஹி முன்னால் வந்தாள். கையில் கதவிலிருந்து உரித்தெடுத்த பட்டியல், ஓரத்தில் பசையோடு. தன்னை மாட்டிவிடப் போகிறாள் என்றுதான் போராம் நினைத்தாள்.

நாம்ஹி நிதானமாகப் பேசினாள். போராமுக்கு ஏழு வாரம், நவம்பரில் விடுப்பு எடுப்பாள். பூசான் ஊசியைத் தானும் நிறுத்தப் போவதில்லை. இருவருக்கும் ஒன்றாக வந்தால் ஒன்றாகவே போவோம், மாற்று ஆளை நிர்வாகம் தேடட்டும், கேட்க எல்லாரும் சேர்ந்து போவோம் என்றாள். யாரோ முணுமுணுத்தார்கள். அப்போ எங்க கதி என்னாகும் என்று ஒருத்தி கேட்டும் விட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்" என்றாள் நாம்ஹி. "இந்தக் காகிதத்துக்காக வயித்துல இருந்ததைக் கொடுத்துட்டு, மறுவாரமே சிரிச்சுக்கிட்டு வேலைக்கு வந்தவங்க வேற யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க." தன் கையைத் தூக்கினாள்.

ஜன்னல் பக்கமிருந்து ஒரு கை எழுந்தது. எந்நேரமும் கேலி பேசுகிற மியோக். அப்புறம் அவள் பின்னால் ஒன்று. என்ன கதி என்று கேட்டவள் தரையைப் பார்த்துக்கொண்டே தோள் உயரத்துக்குத் தூக்கினாள். போன வசந்தத்தில்தான் கல்யாணமான சோராவின் கையும் எழுந்தபோது போராம் அடக்க மாட்டாமல் "ஐயோ" என்றாள். எத்தனை பல்வலி, எத்தனை வயிற்றுக் கோளாறு, எத்தனை ஊர் விசேஷம் என்று விடுப்புகளெல்லாம் அவள் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அத்தனைக்கும் எல்லாருமாகக் கையெழுத்திட்டு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார்கள்.

ஓக்ஜூ பேனாவை மூடி மேசையில் வைத்தாள். இவர்களை அதட்டப் போகிறாள் என்று எல்லாரும் திரும்பினார்கள். ஐம்பத்திரண்டு வயசு, பிள்ளை கிடையாது; வேலையே கதியென்று இருந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அவளுடைய கை மெல்ல மேலே போயிற்று.

"பட்டியல் எழுதின அடுத்த வருஷம்" என்றாள். "எழுதினவளே மீறினா நல்லாருக்காதேன்னு."

எழுநூற்று நான்காம் அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. கை தூக்காத மூவரில் ஒருத்தியான போராம் கதவுப்பக்கம் நகர்ந்தாள்; கதவில் கை வைத்து நின்று திரும்பிப் பார்த்தாள். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு கைகளும் மேலேயே நின்றன.