கேட்காமல் இருந்த முப்பத்துமூன்று நாள்

பல் செட் செய்யும் அந்த லேபில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒருத்திக்குக் கறாரக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஆனால் டாக்டர் எடுத்து அனுப்பிய வாய் அச்சில் ஒரு நூலளவு பிசகு இருந்தாலும், "திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்று கொண்டுவந்த பையனிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுகிற மனுஷியை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? வயது நாற்பத்தாறு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களெல்லாம் ஒருதரம் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தக் கறாரக்காவுக்கு ராக் பாட்டுப் பைத்தியம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் எல்லா ராக்கும் இல்லை. ஈரச்சுவர் என்று ஒரு குழு. நாலு பேர். முப்பது வருஷத்தில் ஆறே ஆறு ஆல்பம் போட்டவர்கள். சோம்பேறிகளா, கறார்க்காரர்களா என்று ரசிகர்களுக்கே இன்னும் விளங்கவில்லை. அவளைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வாள்.

முதல் ஆல்பம் வந்தபோது அவளுக்குப் பதினாறு, தம்பிக்குப் பதினொன்று. வீட்டில் இருந்தது ஒரு வாக்மேன், ஒரு இயர்போன். ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு, தோளோடு தோள் உரசிக்கொண்டு, முழு ஆல்பத்தையும் பேச்சுமூச்சில்லாமல் கேட்டு முடித்தார்கள். அதுவே பிறகு சட்டமாகிப் போயிற்று. தம்பி படிக்கப் போய், வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊரில் குடித்தனம் வைத்த பிறகும் சட்டம் மாறவில்லை. புது ஆல்பம் வருகிற அன்று இருவரும் போனில் இணைந்துகொள்வார்கள். தம்பி "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்பான். இரண்டு ஊரிலும் ஒரே நொடியில் பாட்டு ஆரம்பிக்கும். கடைசிப் பாட்டு முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடிந்ததும் தம்பி முதலில் "ம்" என்பான். அதற்கப்புறம் எது நல்ல பாட்டு என்று ஒன்றரை மணி நேரம் சண்டை.

ஆறாவது ஆல்பம் வந்து ஒன்பது வருஷமாயிற்று. அதற்கப்புறம் அம்மா போனார். அம்மா இருந்தவரை அம்மாவுக்காக வந்த போன்களும் நின்றன. தம்பி கெட்டவன் இல்லை. பிறந்தநாளுக்கு ஒரு செய்தி அனுப்புவான். இவள் ஏதாவது அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற ஒரு படம் வரும். அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் பேச வாய் இல்லையா உனக்கு என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

ஏழாவது ஆல்பம் வரப்போகிறது என்று தெரிந்ததும், ரிலீஸ் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது பாட்டு மட்டுமில்லை. ஆல்பம் ஓடுகிற நாற்பத்தெட்டு நிமிஷமும் தம்பி மூச்சு விடுகிற சத்தம் காதில் கேட்கும், அப்புறம் ஒன்றரை மணி நேரம் சண்டை போடலாம். அதற்காகத்தான் ஒன்பது வருஷமாகக் காத்திருந்தாள்.

ரிலீஸுக்கு முப்பத்துமூன்று நாள் இருக்கும்போது, பக்கத்து மேசையில் பீங்கான் பல் சுடுகிறவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, உங்க ஆளுங்க பாட்டு வந்துடுச்சு போல. எனக்கே மூணு பேர் அனுப்பிட்டாங்க."

"வந்திருக்காது. இன்னும் முப்பத்துமூணு நாள் இருக்கு."

"லீக் ஆயிடுச்சுக்கா. முழு ஆல்பமும். போடட்டா?"

"போட்டீங்கன்னா போனைப் பிளாஸ்டர்ல முக்கிடுவேன்."

அவள் சொன்னால் செய்வாள் என்பது தெரிந்ததால் மனிதர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று முதல் ரசிகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். கேட்டவர்கள், கேட்காதவர்கள். கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? மேளம் தகர டப்பா மாதிரி இருக்கிறது, பாடுகிறவருக்குக் குரல் போய்விட்டது என்று நாலு வருஷ உழைப்புக்கு நாலு வரியில் தீர்ப்பு எழுதினார்கள். கேட்காதவர்கள் அவர்களைத் திருடர்கள் என்றார்கள். எங்கிருந்து கசிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குழுவிலிருந்து மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் பாடகர் இரண்டே வரி எழுதினார்: "கேட்டவர்களைத் திட்டப் போவதில்லை. கேட்காதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்." கறாரக்கா அந்த வரிகளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஆனால் லீக் ஆன அன்றே, முதல் வேலையாகத் தம்பிக்கு அனுப்பியிருந்தாள்: "லீக் ஆயிடுச்சாம். நம்ம கேக்க வேணாம். சரியா?"

மறுநாள் பதில் வந்தது. கட்டைவிரல் இல்லை, எழுத்து. "சரிக்கா. கேக்க மாட்டேன்."

அதற்கு மறுநாள் அவள், "இன்னிக்கும் கேக்கல" என்று அனுப்பினாள். "நானும்" என்று வந்தது. அப்படியே தினமும் நடக்க ஆரம்பித்தது. சில நாள் கூடவே இரண்டு வார்த்தை சேர்ந்தது. ஆபீசில் ஒருத்தன் பாட்டைப் போட்டுவிட்டதாகவும் தான் கழிவறைக்கு ஓடிவிட்டதாகவும் தம்பி எழுதினான். சின்ன மகளுக்குப் பல் விழுந்ததை எழுதினான். விழுந்த பல்லைப் படம் எடுத்து அனுப்பி, "உன் டிபார்ட்மென்ட்" என்றான். ஒன்பது வருஷத்தில் வராத செய்தி ஒரே மாதத்தில் வந்தது. லீக் செய்தவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று அவள் மனசுக்குள் வாழ்த்தினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? பஸ்ஸில் காதில் பஞ்சு. ரசிகர்கள் எழுதுகிற பக்கம் எதையும் திறப்பதில்லை. லேபில் ரேடியோ பக்கம் யாரையும் விடுவதில்லை. ஒருநாள் பீங்கான்காரர் எதையோ முனகிக்கொண்டிருந்தார். இவள் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பாட்டு அது?" என்றாள்.

"சோப்பு விளம்பரம்க்கா."

"எந்த சோப்பு?"

மனிதர் சோப்பின் பெயரைச் சொல்லி, விளம்பரத்தை முழுக்கப் பாடியும் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் அவள் கத்தியைத் திரும்ப எடுத்தாள்.

ரிலீஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழுவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பாட்டுகளின் வரிசையை மாற்றிவிட்டார்கள். இரண்டு பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். காத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை என்று எழுதியிருந்தது. சபாஷ் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். தம்பிக்கு அனுப்பலாமா என்று நினைத்து, வேண்டாம், அவன் அன்றைக்குத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ரிலீஸ். அவள் எட்டு மணிக்கே குளித்து, வீட்டைப் பெருக்கி, யாரோ விருந்தாளி வருவதுபோல நாற்காலித் துணியைக்கூட மாற்றியிருந்தாள். பத்து ஐம்பத்தைந்துக்குத் தம்பி கூப்பிட்டான்.

"ரெடியாக்கா?"

"நான் எப்பவோ ரெடி. நீ வண்டியில இல்லையே?"

"இல்ல, வீட்லதான். கதவைச் சாத்திட்டேன். மூணு, ரெண்டு, ஒண்ணு."

முதல் பாட்டு ஆரம்பித்தது. குரல் போகவில்லை. யார் சொன்னது போய்விட்டதென்று? கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான், எல்லோருக்கும்தான் வயசாகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போனில் தம்பியின் மூச்சு கேட்டது. இரண்டாவது பாட்டில் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

இரண்டாவது முடிந்து, மூன்றாவது ஆரம்பிப்பதற்கு முன் சில நொடி அமைதி. அந்த அமைதியில் தம்பி மெல்ல விசிலடித்தான். அழகான, நிதானமான ஒரு மெட்டு. ஐந்தாறு சுரம்தான் போயிருக்கும், மேளம் தடதடவென்று இறங்கியது. மூன்றாவது பாட்டு வேகமான பாட்டு. அதில் விசிலே இல்லை.

தம்பியின் விசில் பாதியில் நின்றது.

அவளுக்குப் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. பழைய வரிசையில் மூன்றாவதாக இருந்த பாட்டு விசிலில் ஆரம்பித்திருக்கிறது. இவன் வாய் தன்னால் அதற்குத் தயாராகிவிட்டது. ஒருதரம் கேட்டவனுக்கு அப்படி வராது. பலதரம் கேட்டவனுக்குத்தான் வரும்.

பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் முதல்தரமாகத் தம்பி நடுவில் பேசினான்.

"அக்கா."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, நான்... மூணாவது நாளே கேட்டுட்டேன். வேணும்னு இல்ல. கார்ல கூட வந்தவன் போட்டுட்டான். நிறுத்துன்னு சொல்ல வரல. உன்கிட்ட சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீ தினமும் அனுப்பிட்டே இருந்தியா, பயமா போச்சு."

பயம் என்று அவன் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, இரண்டு குழந்தைக்குத் தகப்பன், அக்காவுக்குப் பயந்துகொண்டு ஒரு மாதம் பொய் சொல்லியிருக்கிறான். சின்ன வயசில் மார்க் அட்டையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்துவிட்டு நின்றபோது இருந்த அதே குரல். கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் இப்போது கோபப்பட்டால் இவன் போனை வைத்துவிட்டு மறுபடி ஒன்பது வருஷம் கட்டைவிரல் அனுப்புவான். அதை நினைத்ததும் அவள் வாயிலிருந்து, ஒரு நூல் பிசகையும் பொறுக்காத அந்த வாயிலிருந்து, வந்தது இதுதான்:

"விடுடா. நானும்தான் கேட்டேன்."

"என்ன சொல்ற?"

"முதல் நாளே கேட்டுட்டேன். லேப்ல ஒருத்தர் போட்டார்."

"நீயா? அப்ப தினமும் கேக்கல கேக்கலன்னு அனுப்பினது?"

"நீ கேக்காம இருக்கியேன்னுதான். உன்னைக் கெடுக்க வேணாம்னு."

தம்பி சிரித்தான். மூச்சு முட்ட, இருமிக்கொண்டே சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிஜமாகவே வந்தது. நாலாவது பாட்டு யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாடா," என்றான் தம்பி. "நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சுக்கா. அந்த விசில் பாட்டு பழைய இடத்துலதானே நல்லா இருந்துச்சு?"

"ஆமா. பழைய இடத்துலதான்."

"அதுலயும் கடைசில அந்தப் பொண்ணு குரல் வருமே."

"ஆமாமா. அது நல்லா இருந்துச்சு," என்றாள், எந்தப் பெண் என்று தெரியாமலே.

"சரி, அப்ப ரெண்டு பேரும் கேட்டாச்சு. எதுக்கு இப்படிப் போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்? எனக்கும் பன்னெண்டு மணிக்கு ஒரு மீட்டிங் இருந்துச்சு, உனக்காகத்தான் தள்ளிப் போட்டிருந்தேன். இனிமே இதுக்காக நீயும் லீவெல்லாம் போடாதக்கா. வந்தா அவங்கவங்க நேரம் கிடைக்கறப்ப கேட்டுக்கலாம். என்ன?"

"அதுவும் சரிதான்."

"கோபம் இல்லையே?"

"போடா. என்ன கோபம்."

போன் வைக்கப்பட்டது. மணி பதினொன்று பதினெட்டு. ஐந்தாவது பாட்டு நடுவில் போய்க்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை, கேட்கவும் இல்லை. முப்பத்துமூன்று நாள் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தவள், ஒரு நிமிஷத்தில் ஒரு பொய்யைச் சொல்லி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டாள். பயந்துகொண்டாவது கூப்பிடுகிற தம்பி இருந்தான். இப்போது பயம் போய்விட்டது. அவனுக்கு இனிக் கூப்பிட என்ன இருக்கிறது?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நான் ஒரு பாட்டும் கேட்கலடா, வா, மறுபடி முதல்லேர்ந்து போடலாம். நீ எத்தனை தரம் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, என்கூட ஒருதரம் கேள். மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அவன் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுக்கா. என்ன?"

குரல் அவ்வளவு லேசாக இருந்தது. பின்னால் கதவு திறந்திருந்தது போலும், குழந்தைகளின் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்லடா. கை பட்டுடுச்சு."

"சரிக்கா, வெச்சிடறேன்," என்றான்.