மூன்று முறை மைக்கில் அழைக்கப்பட்டவன்

நாட்டுப்புறக் கலை விழாவுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். செல்போன்களை விடுதியிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சட்டம் போட்டவனும் நான்தான். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தடவை யோசித்ததற்கு எங்கள் கல்லூரி வரலாற்றில் வேறு சான்று கிடையாது.

நாங்கள் மூன்று பேர். எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வதால் ஒருவன் ஜட்ஜ். வாயை மூடாததால் நான் ரேடியோ. உடம்பு ஒல்லி, தலை மட்டும் பெரிது என்பதால் மூன்றாமவன் ஆணி. ஆணியின் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். இதயத்தில் அடைப்பு, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று மருத்துவமனையில் படுத்திருந்தார். ஒரு வாரமாக ஆணி சிரிக்கவில்லை. "இவன் மூஞ்சியப் பார்த்தா எனக்கே அட்டாக் வந்துடும்" என்று ஜட்ஜ் தீர்ப்பளித்ததால்தான் இந்தச் சனிக்கிழமைப் பயணம்.

கிளம்பும்முன் ஆணி அப்பாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"நாளைக்குக் காலைலயே வந்துடறேம்பா. உள்ள கொண்டு போறப்ப பக்கத்துல இருப்பேன்."

"நீ வராம நான் உள்ள போக மாட்டேன்டா, போதுமா? போய் நல்லா ஆடிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

பிறகு விழா நோட்டீஸைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு, போனைப் பெட்டிக்குள் வைத்தான். நான் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விழா ஒரு கால்பந்து மைதானத்தில் நடந்தது. அழியும் கலைகளைக் காப்பாற்ற வேண்டியதன் அவசியம் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள். காப்பாற்றப்பட வேண்டியவர்கள் முகத்தில் சாயத்தோடு மேடைக்குப் பின்னால் வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் குழுவுக்கு எட்டு நிமிடம். ஒன்பதாவது நிமிடம் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மதியம் ஊர்வலம். மூங்கிலும் துணியும் கொண்டு செய்த, ஓர் ஆள் உள்ளே நுழைந்து தோளில் சுமந்து ஆடும் பெரிய பொம்மைகள். ஒரு பொம்மைக்காரருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆணியிடம் வந்தார்.

"தம்பி, உயரம் சரியா இருக்கு. ஒரு சுத்து வர்றியா?"

ஆணி உள்ளே நுழைந்தான். முன்னாலும் பின்னாலும் மேளம். பொம்மையின் வயிற்றில் இருந்த ஓட்டை வழியாக அவன் பற்கள் தெரிந்தன. ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறான். ஜட்ஜ் என் தோளில் தட்டி, "கேஸ் ஜெயிச்சாச்சுடா" என்றான்.

அப்போதுதான் முதல் அறிவிப்பு வந்தது. வழியை மறித்து நிற்கும் வேனுக்கும் காணாமல் போன ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், அறிவிப்பாளர் ஒரு பெயரைச் சொன்னார். நாலு தலைமுறையை ஒன்றாக வைத்துத் தைத்த மாதிரி நீளமான பெயர். "எங்கிருந்தாலும் உடனே விழா அலுவலகத்துக்கு வரவும். உங்கள் அக்கா போனில் காத்திருக்கிறார்."

"பேரா இது, ரயிலா?" என்றேன்.

"அக்கா வேற வெய்ட்டிங். எங்கயோ தம் அடிச்சு மாட்டிருக்கான்" என்றான் ஜட்ஜ்.

இரண்டாம் முறை சொன்னபோது அறிவிப்பாளர் குரலிலேயே நானும் சொல்லிக் காட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் முறை ஜட்ஜும் சேர்ந்துகொண்டான். எங்களுக்கு எதிரே, பத்தடி தூரத்தில், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் பொம்மைக்குள் ஆடிக்கொண்டிருந்தான்.

ஆமாம், அது ஆணியின் பெயர். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். வகுப்பு வருகைப் பதிவில் அவன் முப்பத்தேழாம் எண். அறைக் கதவில், என் போனில், கேன்டீனில் எல்லாம் ஆணி. வேறு பெயர் தேவைப்படவே இல்லை.

ஐந்தரைக்கு விடுதிக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். ஆணியின் போனில் அக்காவிடமிருந்து முப்பத்தொரு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டான். எதிர்முனையில் யாரோ ஒருவர் எடுத்து, "உடனே வாப்பா" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனை நடைபாதையில் அக்கா அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"மத்தியானம் திடீர்னு வலி வந்துடுச்சு தம்பி. திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது, இப்பவே பண்ணணும்னாங்க. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். பையன்கிட்ட சொல்லியிருக்கேன், அவன் வந்தாத்தான் உள்ள போவேன்னு ஒரே அடம். ஒரு மணி நேரம். அப்புறம் நினைவு தப்பினதும் நான் போட்டேன். கொஞ்சம் முன்னாடி கொண்டு போயிருந்தா பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொல்றார்."

ஆணியின் தோளில் மூங்கில் அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வார்டு குமாஸ்தா ஒரு படிவத்தோடு வந்து, உடலைப் பெற்றுக்கொள்ள வேண்டிய மகன் யார் என்று கேட்டு, பெயரைப் படித்தார். அதே பெயர். ஜட்ஜ் என்னைப் பார்த்தான். ஆணி எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வந்தபோது அக்கா கேட்டாள். "நோட்டீஸ்ல இருந்த நம்பருக்குப் போட்டேனே. மைக்ல மூணு தடவ கூப்பிட்டோம்னு சொன்னாங்களே தம்பி?"

"நான் பொம்மைக்குள்ள இருந்தேன்க்கா. மேளச் சத்தம்." என் பக்கம் திரும்பினான். "உங்களுக்குக் கேட்டுச்சாடா?"

எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்கிறவன் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் படிக்க ஆரம்பித்தான்.

"கேட்டுச்சு" என்றேன். "உன் பேருன்னு தெரியாதுடா."

ஆணி திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். அவன், விண்ணப்பம் வாங்குகிறவரிடம் சொல்வதுபோல, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எனக்குச் சொன்னான்.

அதில் பாதி அவன் அப்பாவுடையது.