முனியாண்டி வேஷம்

அந்தத் திரைக்கதை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. சவுந்தரநாயகம் என்பவர் எழுதியது. திரைக்கதைப் போட்டியில் நகைச்சுவைக்கான முதல் பரிசு அதற்குத்தான். நான் ரிசப்ஷனில் வேலை செய்யும் வெள்ளவத்தைப் பல் கிளினிக்கில் எல்லோரும் அதைக் கை மாற்றிக் கை மாற்றி வாசித்தார்கள்.

"வாசிச்சுப் பாரும் நிரோஷா, வயிறு நோகும்" என்று டொக்டர் துஷாந்தினி பிரதியைத் தந்தார்.

பணக்கார வீடொன்று. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த வேலைக்காரன் முனியாண்டி எதற்கெடுத்தாலும் "ஆமாங்க" என்பான், வாஷிங் மெஷினில் அரிசி கழுவுவான். பகிடி அவ்வளவுதான். அடுத்த நாள், "ஐயோ டொக்டர், சிரிச்சுச் சிரிச்சு ஏலாமப் போச்சு" என்றேன்.

நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். கொழும்புக்கு வந்த கையோடு நான் பேச்சை யாழ்ப்பாணத் தமிழுக்கு மாற்றிக்கொண்டேன். யாழ்ப்பாணமா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது.

அண்ணன் கிருஷ்ணராஜுக்கு ஒருகொடவத்தை கொண்டெய்னர் யார்டில் வேலை. நடிப்பென்றால் உயிர். படமெடுக்கும் முன் அந்தத் திரைக்கதையை மேடையில் வாசித்துக் காட்ட ஆள் தேடுகிறார்கள் என்று போனவன், முனியாண்டி வேஷத்தோடு திரும்பி வந்தான்.

"வேணாண்ணே. எனக்குக் கதையே புடிக்கல."

"பரிசு வாங்குன கதைடி. அதுல என்னா புடிக்கல ஒனக்கு?"

அவமானப்படப் போவது அவனா நானா என்று எனக்கே தெரியவில்லை.

வாசிப்பு நாளன்று ஹாலில் டொக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் முதல் "ஆமாங்க" சொன்னதுமே கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் நடிக்கவே இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரிதான் பேசினான். அம்மா போனில் பேசுவதும் அப்படித்தான். அதற்குத்தான் அவ்வளவு சிரிப்பும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானும் சிரித்தேன்.

டொக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கயிருந்து பிடிச்சவை இவனை? அசல் தோட்டக்காட்டான் மாதிரியே கதைக்கிறான். உமக்கு ஆளைத் தெரியுமே?"

"தெரியாது டொக்டர்."

சொன்ன பிறகு உடம்பெல்லாம் கூசியது. அவனுக்காக இல்லை, எனக்காக.

வாசிப்பு முடிந்தது. எழுந்து நின்று கை தட்டினார்கள். அண்ணன் மேடையை விட்டு இறங்கி நேரே என்னிடம்தான் வந்தான். முகமெல்லாம் பல். அவன் வாயைத் திறக்குமுன் டொக்டர் முந்திக்கொண்டார்.

"நல்லாச் செய்தீர் தம்பி. இவ நிரோஷா, எங்கட கிளினிக்தான். உம்மைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பிருக்கே!"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் முகத்துச் சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு.

கையைக் கூப்பி, "வணக்கம் மேடம்" என்றான்.

நானும் கூப்பினேன்.